வாசகர் கேள்வி–பதில்: சோபாவும் மெத்தையும் வாங்குமுன்

கேள்வி: தக்கலை அருகே வீடு கட்டி முடித்து, குடிபோகும் நிலையில் இருக்கிறோம். வீட்டில் தவழும் பருவத்தில் ஒரு பேரக்குழந்தை உண்டு. நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்து சோபா செய்துகொள்ளலாம் என்கிறான் மகன். சோபாவுக்குள் வைக்கும் ஃபோமில் தீத்தடுப்பு இரசாயனம் கலந்திருக்கும், அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று கைப்பேசியில் படித்துவிட்டு, சோபாவே வேண்டாம் என்கிறாள் மருமகள். யார் சொல்வதைக் கேட்பது? — ஒரு வாசகி, தக்கலை

பதில்: மருமகள் படித்தது பொய்யன்று. ஆனால் அது பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தது. அங்கே ஏன் அப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், இங்கே எதற்கு எவ்வளவு கவலைப்படலாம் என்பது விளங்கும்.

சோபாவில் வைக்கும் பாலியூரித்தேன் ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. பற்றிக்கொண்டால் மிக வேகமாக எரியும். எனவே ஃபோம் 12 விநாடி நேரம் சிறு தீச்சுடரைத் தாங்க வேண்டும் என்று 1975-இல் கலிபோர்னியா மாநிலம் 'டி.பி. 117' என்னும் விதியைக் கொண்டுவந்தது. ஒரு மாநிலத்துக்கென்று தனியாகவும் மற்ற மாநிலங்களுக்கென்று வேறாகவும் செய்வது வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதால், பல உற்பத்தியாளர்கள் அந்நாடு முழுவதற்குமான ஃபோமிலும் தீத்தடுப்புப் பொருள்களைக் கலந்தார்கள். அவற்றுள் முதன்மையானது புரோமின் அடங்கிய 'பென்டா பி.டி.இ.'. இது ஃபோமோடு வேதிமுறையில் பிணைவதில்லை. இடையில் தங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு முறை யாரேனும் அமர்ந்து எழும்போதும் சிறிது சிறிதாக வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்குப் பெரியவர்களைவிட அதிகமாகப் போய்ச் சேருவது இதனால்தான். தைராய்டு சுரப்புக் கோளாறோடும், கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் இது தொடர்புபடுவதை ஆய்வுகள் காட்டின. நெடுங்காலம் சிதையாமல் தங்கும் நச்சுப் பொருள்களைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் 2009-இல் இது சேர்க்கப்பட்டது. இந்தியாவும் 2018-ஆம் ஆண்டு விதிகளின் மூலம் இதன் உற்பத்தி, இறக்குமதி, பயன்பாடு ஆகியவற்றைத் தடைசெய்தது.

பென்டா போன இடத்துக்குக் குளோரின் கலந்த 'ட்ரிஸ்' வகைப் பொருள் வந்தது. குழந்தைகளின் இரவு உடையில் அதைச் சேர்ப்பதை 1970-களின் பிற்பகுதியிலேயே கைவிட்டிருந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த மாற்றத்துக்குக் காரணமானவர்களுள் ஒருவர் பெர்க்லியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்லீன் புளூம். புரோமின் கலந்த முந்தைய வகை ட்ரிஸ் மரபணுவைத் தாக்கக்கூடியது என்று 1977-இல் உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸுடன் சேர்ந்து எழுதியவர், பின்னாளில் சோபா ஃபோம் விதியை மாற்றவும் பாடுபட்டார். 2013-இல் அந்த விதி திருத்தப்பட்டது. வீட்டில் சோபா பற்றுவது பெரும்பாலும் புகைந்துகொண்டிருக்கும் சிகரெட்டால்தான் என்பதால், இப்போது மேல்துணியின் மீது கங்கு வைத்துச் சோதிக்கிறார்கள். இரசாயனம் சேர்க்காமலேயே இந்தச் சோதனையில் தேறிவிட முடிகிறது.

நம் நாட்டு நிலைமை வேறு. மெத்தை இருக்கைகளின் தீத்தாங்கும் திறன் பற்றிய இந்தியத் தர விதி, ஐ.எஸ். 15768, வீடு அல்லாத இடங்களுக்கான இருக்கைகளைப் பற்றியது. அமெரிக்காவில் வீட்டுச் சோபாவின் ஃபோமுக்குள் இரசாயனத்தைத் தள்ளிய கட்டாயம் இங்கே இருந்ததில்லை. எனவே உள்ளூர்ப் பட்டறையில் சாதாரண ஃபோம் வைத்துச் செய்யும் சோபாவில் தீத்தடுப்புப் பொருள் இருக்கும் வாய்ப்பு குறைவு. கடைக்காரர் 'ஃபயர் ரிட்டார்டன்ட்' ரக ஃபோமைச் சிறப்பு என்று எடுத்துக் காட்டினால், வீட்டுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடாக நீங்கள் காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு: கொசுவத்திச் சுருளும் விளக்கும் சோபாவை ஒட்டி இருக்கவே கூடாது. ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். வீட்டுத் தீயில் உயிரைப் பறிப்பது பல வேளைகளில் சுடரன்று, இந்தப் புகைதான்.

என்னைக் கேட்டால், தக்கலையில் புது வீட்டுக்குச் சோபா செய்பவர் முதலில் கவலைப்பட வேண்டியது ஃபோமைப் பற்றியன்று, சட்டகத்தைப் பற்றி. மேலே துணி போர்த்திவிட்டால் உள்ளே என்ன பலகை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. விலை குறைந்த சோபாக்களில் பார்ட்டிகிள் போர்டோ, எம்.டி.எஃப். பலகையோ, மலிவான பிளைவுட்டோ இருக்கும். இவற்றை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, ஃபார்மால்டிஹைடு வாயுவை மாதக்கணக்கில், சில பலகைகளில் ஆண்டுக்கணக்கில், வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கண்ணெரிச்சல், தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா ஆகியவற்றை இது கிளப்பும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்து, ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் நிற்கும் நம் மாவட்டத்தில் அந்தப் பசைக்குச் சிதைய வேண்டிய சூழல் தாராளமாகக் கிடைக்கிறது.

நல்ல வேளையாக, பலகை இல்லாமல் மரத்திலேயே சட்டகம் செய்யத் தெரிந்த ஆசாரிகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் ஆஞ்சிலியோ பலாவோ போதும். துணிக்குள் மறையப் போகும் மரத்துக்கு நிறமும் ரேகையும் எதற்கு? ரப்பர் மரமும் நன்றாக உழைக்கும். வண்டு துளைக்காமல் இருக்கப் பொதுவாகப் போரான் உப்பில் பதப்படுத்துவார்கள், அது மரப் பாதுகாப்பு மருந்துகளில் சாதுவானது. கரையானுக்கு என்று குளோர்பைரிஃபாஸ் பூச வந்தால் மறுத்துவிடுங்கள். குழந்தைகளின் நரம்பு வளர்ச்சியைப் பாதிக்கும் அந்தப் பூச்சிமருந்தின் வீட்டுப் பயன்பாட்டை 2000-ஆம் ஆண்டு முதலே அமெரிக்காவில் படிப்படியாக விலக்கத் தொடங்கிவிட்டார்கள். பிளைவுட் தேவைப்படும் இடங்களில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அதிலுள்ள பினாலிக் பசை ஈரத்துக்கு எளிதில் சிதைவதில்லை, வாயுவும் மிகக் குறைவாகவே வரும்.

ஃபோமுக்கு வருவோம். '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று பட்டறையில் சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடையைக் கிலோகிராமில் குறிக்கும் எண். அமரும் பகுதிக்கு 40 வைத்தால் சீக்கிரம் நொறுங்கித் தூளாகாது. தூளாகாத ஃபோமிலிருந்து தூசியும் குறைவு. மலிவு என்று 'ரீபாண்டட்' ஃபோமை வைக்க விடாதீர்கள். அது பல இடத்துக் கழிவுத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய கட்டி; எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று செய்தவருக்கே தெரியாது. பென்டா கலந்த பழைய ஃபோமை மறுசுழற்சி செய்ய விரும்பும் நாடுகளுக்கு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2030 வரை விலக்குக் கொடுத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மேல்துணி கெட்டியான பருத்தியாக, ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கக் கூடியதாக இருக்கட்டும். குடிபோவதற்கு ஒரு மாதம் முன்பே சோபாவை வாங்கிக் காற்றோட்டமான வராந்தாவில் போட்டுவைத்து, வாடை முழுவதும் போன பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். தரையை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பதும், குழந்தைக்கு ஊட்டுமுன் அதன் கையைக் கழுவுவதும், எந்தச் சோபாவாக இருந்தாலும், தூசி வழியே உடலுக்குள் போவதைக் குறைக்கும்.

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் உண்டு. 'நூறு சதவீதம் இயற்கை, இரசாயனம் அறவே இல்லை' என்று சொல்லி லேடெக்ஸ் மெத்தையும் குஷனும் பெரும் விலைக்கு விற்கிறார்கள். பால் வெட்டுகிற எங்களுக்கே இதை நம்ப முடியவில்லை. — ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதி பெரும்பாலும் நீர். அது கெட்டுப்போகாமல் இருக்க அமோனியா சேர்ப்பதும், எந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காட்டுச் செறிவுக்குக் கொண்டுவருவதும் உங்களுக்குத் தெரிந்தவையே. மெத்தையாக்கும்போது அந்தப் பாலை நுரைக்க அடித்து, கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வினையை விரைவுபடுத்தும் சில பொருள்கள் ஆகியவற்றைக் கலந்து, அச்சில் ஊற்றி வேகவைக்கிறார்கள். ஆக, இரசாயனம் அறவே இல்லாத லேடெக்ஸ் மெத்தை கிடையாது. ஆனால் நன்றாக வெந்து, பலமுறை கழுவப்பட்ட லேடெக்ஸில் எஞ்சுவது சொற்பம். தீத்தடுப்புப் பொருளும் வழக்கமாக அதில் சேர்ப்பதில்லை. விலையைத் தாங்க முடிந்தவருக்கு இது நல்ல பொருள் என்றே நான் கருதுகிறேன்.

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை லேடெக்ஸைப் பாதிக்குமேல் கலந்துவிட்டு 'இயற்கை லேடெக்ஸ்' என்று விற்பார்கள்; அல்லது பாலியூரித்தேன் ஃபோமின் மேல் இரண்டு அங்குல லேடெக்ஸ் தகட்டை ஒட்டி 'லேடெக்ஸ் மெத்தை' என்பார்கள். உறையின் ஜிப்பைத் திறந்து எல்லா அடுக்குகளையும் காட்டச் சொல்லுங்கள். இயற்கை ரப்பர் எவ்வளவு பங்கு என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். 'ஜி.ஓ.எல்.எஸ்.' முத்திரை இருந்தால், இயற்கை முறைத் தோட்டத்துப் பாலிலிருந்து செய்யப்பட்டு, இடையிலுள்ள கட்டங்களும் தணிக்கைக்கு உட்பட்டது என்று பொருள். வீட்டில் யாருக்கேனும் ரப்பர் கையுறை, பலூன் ஆகியவற்றால் தடிப்பு வருமானால் லேடெக்ஸைத் தவிர்ப்பதே நல்லது.

லேடெக்ஸை வெயிலில் காயப்போடக் கூடாது. ரப்பர் வெயிலில் பொடிந்துபோகும். இலவம்பஞ்சு மெத்தையோ அடிக்கடி வெயில் காணாவிட்டால் கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில், கதம்பையிலிருந்து எடுத்த தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து வேகவைத்த ரப்பர் நார்த் தகடு இருக்கிறது. சற்று விறைப்பாக இருக்கும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்று ஊடுருவும், விலையும் லேடெக்ஸைவிடக் குறைவு. தென்னையும் ரப்பரும் விளைகிற மாவட்டத்தில் அதை ஏழை வீட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டு ஃபோமுக்கு ஓடுவது எனக்குப் புரிவதில்லை.

கேள்வி: ரெக்சின் நல்லதா, துணி நல்லதா? கறை படியாத துணி என்று ஒன்று காட்டுகிறார்கள். — ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: துணி. ரெக்சின் என்று விற்பதில் பெரும்பாலானவை பி.வி.சி.; அதை மென்மையாக்கத் தாலேட் வகை எண்ணெய்கள் சேர்ப்பார்கள். அவை நாளடைவில் கசிந்து தூசியில் சேரும். அவற்றுள் சில உடலின் ஹார்மோன்களோடு மோதுபவை. பி.யு. (பாலியூரித்தேன்) வகைச் செயற்கைத் தோலில் அந்தத் தொல்லை குறைவு; ஆனால் நம்மூர் ஈரத்தில் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியும். கறை படியாத துணியின் மேல் தண்ணீரும் எண்ணெயும் முத்துமுத்தாக உருண்டு நின்றால், ஃபுளோரின் சேர்ந்த 'பி.எஃப்.ஏ.எஸ்.' பூச்சாக இருக்கலாம். உடலிலும் மண்ணிலும் ஆண்டுக்கணக்கில் தங்கும் பொருள்கள் அவை. அவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ. புற்றுநோய் உண்டாக்குவது என்று 2023-இல் வகைப்படுத்தப்பட்டது. சாம்பார் சிந்தினால் கழற்றித் துவைக்க ஓர் உறை இருந்தால் போதுமே.

கேள்வி: குளச்சலில் கடலோரம் வீடு. மழைக்காலத்தில் சோபாவில் பூசண வாடை வருகிறது. உள்ளே போடுவதற்கு ஏதோ மருந்துப் பொட்டலம் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். பாச்சை உருண்டை போடலாமா? — ஒரு வாசகர், குளச்சல்

பதில்: என்ன மருந்து என்று தெரியாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளில், சீனாவிலிருந்து வந்த தோல் சோபாக்களில் அமர்ந்த பலருக்குத் தீக்காயம் போலத் தோல் வெந்து கொப்புளித்தது. கப்பலில் வரும்போது பூசணம் பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்த டைமெத்தில் ஃபுமரேட் பொட்டலங்கள்தாம் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். உடல் சூட்டில் அது ஆவியாகி மேல்தோல் வழியே கசிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் அதைத் தடைசெய்தது.

பாச்சை உருண்டையும் வேண்டாம். நாப்தலீன் ஆவி, ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிவதில்லை. ஈரத்தை உறிஞ்ச வெறும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் தவறில்லை. அதைவிட முக்கியம், சோபாவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவதும், அடியில் காற்றுப் புக உயரமான கால் வைப்பதும், அடிப்பக்கத்தைப் பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியால் மூடுவதும். மழை விட்ட நாளில் குஷன்களைக் கழற்றி நிமிர்த்தி வையுங்கள். ஃபோமுக்குள்ளேயே பூசணம் இறங்கிவிட்டால் எந்த மருந்தும் பயன்படாது; ஃபோமை மாற்றத்தான் வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த உறவினர் ஒரு சாய்வு சோபாவையும் குழந்தைக்குப் பாலூட்டும் தலையணையையும் எங்களுக்குக் கொடுத்தார். அடியில் 'டி.பி. 117' என்று சீட்டு தைத்திருக்கிறது. — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சீட்டில் '117' மட்டும் இருந்து '2013' என்ற ஆண்டு சேர்ந்து வராவிட்டால், அது பழைய விதிப்படி செய்தது, தீத்தடுப்புப் பொருள் இருக்கும் என்றே கொள்ளுங்கள். 'டி.பி. 117-2013' என்று இருந்தால், தீத்தடுப்புப் பொருள் சேர்த்ததா இல்லையா என்று குறியிட்டுக் காட்டும் வாசகம் அதே சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியாவில் 2015 முதல் அதைக் காட்டுவது கட்டாயம். 2020 முதல் அங்கே வீட்டு இருக்கைகளிலும் மெத்தைகளிலும் குழந்தைப் பொருள்களிலும் இவற்றைச் சேர்ப்பதற்கே தடை.

பழைய சீட்டாக இருந்தால் தலையணையைக் கழித்துவிடுங்கள். சோபாவின் மரமும் அமைப்பும் நன்றாக இருக்குமானால் ஃபோமையும் துணியையும் மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். எடுத்த பழைய ஃபோமைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடாதீர்கள். புரோமின் சேர்ந்த பொருள் எரிந்தால் டையாக்சினை ஒத்த நச்சுகள் கிளம்பும். அவை சோபாவில் இருந்ததைவிடக் கேடானவை. பையில் இறுகக் கட்டி, குழந்தையை விலக்கி வைத்துவிட்டு, உள்ளாட்சிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சான்றிதழ் முத்திரைகளை நம்பலாமா? — ஒரு வாசகர், கருங்கல்

பதில்: எதைச் சோதித்தார்களோ அதற்கு மட்டும் நம்பலாம். 'செர்ட்டிபியூர்' ஃபோமுக்கு மட்டும் உரியது. துணிக்கும் பலகைக்கும் அது பொறுப்பாகாது. 'ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100' துணியில் நச்சுப்பொருள் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. அதன் முதல் வகுப்புதான் கைக்குழந்தைகளுக்கானது. சீட்டிலுள்ள எண்ணை இணையத்தில் இட்டால் உண்மையா என்று தெரியும். எண் எதுவும் இல்லாமல் பச்சை இலை படம் போட்டு 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்று எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை.

கேள்வி: பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு குஷன் பட்டறையில் இருக்கிறேன். வாங்குகிறவர்களின் உடல்நலம் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். பசை அடித்துவிட்டு மாலையில் எனக்குத் தலை சுற்றுகிறது. — ஒரு தொழிலாளி, மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் கேட்பது மிகச் சரி. வீட்டில் ஒரு சோபாவோடு இருப்பவருக்குச் சேருவதைவிட, நாள் முழுவதும் அதே பசையோடும் ஃபோம் தூளோடும் இருப்பவருக்குச் சேருவது பன்மடங்கு. ஃபோம் ஒட்டும் ரப்பர் பசையில் கரைப்பானாக டொலுயீன் இருக்கும். தலைச்சுற்றலுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். சில பசைகளில் ஹெக்சேனும் இருக்கும். அதை மாதக்கணக்கில் சுவாசித்தால் விரல்களும் பாதங்களும் மரத்துப்போய் நரம்பு தளரும். அப்படி மரத்துப்போவது தெரிந்தால் மருத்துவரிடம் பசையின் பெயரோடு சொல்லுங்கள், டப்பாவையே கொண்டுபோய்க் காட்டினாலும் நல்லது.

துணி முகமூடி தூளைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. கரித்தூள் உருளை பொருத்திய முகமூடிதான் வேண்டும், அந்த உருளையையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். பசை அடிக்கும் வேலையை முற்றத்திலோ, இரண்டு பக்கமும் திறந்த கொட்டகையிலோ காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்று செய்யுங்கள். சூடான கம்பியால் ஃபோமை அறுக்கும்போது வரும் புகையில் ஐசோசயனேட் இருக்கக்கூடும், அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். கத்தியால் அறுப்பதே மேல். நீரில் கரையும் பசைகள் இப்போது கிடைக்கின்றன. உலர நேரம் பிடிக்கும் என்பதால் முதலாளிமார் தயங்குவார்கள். சோபா செய்யச் சொல்லும் வாசகர்கள், ஃபோம் அடுக்குகளை நீர்ப்பசையால் ஒட்டி, துணியைப் பசையில்லாமல் ஸ்டேப்பிள் அடித்தும் தைத்தும் பொருத்தித் தருமாறு கேட்டு, அதற்காக இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்கவும் சம்மதித்தால், அவர்கள் வீட்டுக்கு வாடை குறையும், உங்கள் பட்டறையிலும் டொலுயீன் டப்பா திறப்பது குறையும்.